பதிவேட்டில் சாமான் அறை

என் அக்காவுக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளாது. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய் வாசல் கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். பேருந்துக்கு நிற்கச் சொன்னால் அடுத்த நிறுத்தத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுவாள். நாங்கள் பாதி வழியில் இருக்கும்போது பேருந்து எங்களைத் தாண்டிப் போகும். அப்படி விட்ட பேருந்துகளுக்குக் கணக்கே இல்லை. ஐம்பத்திரண்டு வயதிலும் வீட்டுக்குள் ஓட்டமும் நடையும்தான்.

அப்படிப்பட்டவள் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அசையாமல் உட்காருவாள். எங்கள் வீட்டு வடக்கு அறையில், ஜன்னலோரம், கையில் ஒரு பல்லை வைத்துக்கொண்டு.

அக்கா பல் செய்பவள். டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அக்கா அதில் பிளாஸ்டர் ஊற்றி, பீங்கான் மாவைத் தூரிகையால் கொஞ்சம் கொஞ்சமாக அடுக்கி, சின்ன சூளையில் சுட்டு, மிஷினில் தேய்த்து, பக்கத்துப் பல்லோடு கூடப் பிறந்தது மாதிரி ஒரு பல்லை எடுத்துக் கொடுப்பாள். நான் அதை டப்பாவில் போட்டு ஸ்கூட்டரில் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். தெரு முழுக்க அவளுக்குப் 'பல்லக்கா' என்று பெயர். நான் 'பல்லக்கா தம்பி'. நாற்பத்தாறு வயதாகியும் எனக்கென்று தனியாக ஒரு பெயர் வைக்க இந்தத் தெருவில் யாருக்கும் தோன்றவில்லை.

இந்த வேலைக்கு நிறம்தான் உயிர். வெள்ளை என்று நாம் சொல்லிவிட்டுப் போவதில் பதினாறு வகை இருக்கிறது. பதினாறையும் மாதிரிப் பற்களாகக் கோத்த ஒரு பட்டை அக்காவிடம் உண்டு. முன்பல் என்றால் டாக்டர்கள் நோயாளியையே எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அக்கா அவர்களை ஜன்னலோர ஸ்டூலில் உட்கார வைத்து, "ஈ காட்டுங்க" என்று சொல்லி, பட்டையை உதட்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பாள். அந்த ஜன்னலில் வெயில் நேராக விழாது. காலை பத்திலிருந்து இரண்டு மணி வரைக்கும் வெளிச்சம் ஒரே மாதிரி நிற்கும். "ட்யூப் லைட்டு எல்லாப் பல்லையும் அழகா இருக்குன்னு சொல்லும், தெருவுக்குப் போனதும் மானத்தை வாங்கும்" என்பாள். நான் சும்மா இருக்காமல் ஒரு தடவை, பகல் வெளிச்சம் தரும் என்று விளம்பரம் செய்த விளக்கு ஒன்றை வாங்கி வந்தேன். அதில் பார்த்துச் செய்த நாலு பல்லில் மூன்று திரும்பி வந்தன. இப்போது அந்த விளக்கில் நான் பேப்பர் படிக்கிறேன்.

ஜன்னலுக்கு எதிரே ஒரு மரக்கிடங்கு இருந்தது. அது மூடி ஆறு வருஷம் ஆகிறது. அந்த இடத்தில் ஐந்து மாடியில் நாற்பத்தெட்டு வீடுகள் கட்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருக்கிறது, ஆட்சேபணை இருந்தால் இருபத்தோரு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம் என்று திட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அக்கா அதை நின்றுகொண்டு ஒரு முறை, நடந்துகொண்டு ஒரு முறை படித்தாள். பிறகு ஜன்னலைத் திறந்து, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஐந்து மாடி எதுவரை வரும் என்று கட்டைவிரலால் அளந்தாள்.

"வானமே தெரியாதுடா" என்றாள்.

"எல்லாம் கட்டி முடிக்க வருஷக்கணக்கு ஆகும் அக்கா."

"அதுக்கப்புறம்? நான் பல்லை மொட்டை மாடியில குடை பிடிச்சுக்கிட்டுச் செய்யறதா? எனக்கு வேற என்னடா தெரியும்?"

உண்மையில் அவளுக்கு வேறு ஒன்றும் தெரியாது. சமையல் கூட என் பொறுப்புதான்.

மறுநாள் காலை அலுவலகம் திறப்பதற்கு அரை மணி முன்பே வாசலில் நின்றோம். உள்ளே கண்ணாடி போட்ட ஓர் எழுத்தர் அம்மா பெரிய வரைபடங்களை மேஜையில் விரித்தார். அதில் வெளிச்சக் கணக்கு என்று ஒரு தாள் இருந்தது. புதுக் கட்டடம் வந்தால் சுற்றியுள்ள ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் எவ்வளவு வானம் குறையும் என்று எண் போட்டிருந்தார்கள். எங்களுக்குக் கீழ்வீட்டில் இருக்கும் கணக்கு டீச்சரின் சமையலறை ஜன்னலுக்கு மூன்றாம் எண். எங்கள் கூடத்துக்கு ஐந்து. வடக்கு அறை ஜன்னலில் எண் எதுவும் இல்லை, சாம்பல் நிறத்தில் பூசியிருந்தது.

"இதை விட்டுட்டாங்களே" என்று அக்கா விரலை வைத்தாள்.

"அது கணக்குல வராதும்மா. மனுஷங்க புழங்குற அறைக்குத்தான் வெளிச்சம் பார்ப்போம். இது சாமான் அறை."

"யாரு சொன்னா சாமான் அறைன்னு?"

எழுத்தர் அம்மா ஒரு பழைய பதிவேட்டை எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, பத்தொன்பது வருஷத்துக்கு முந்திய ஒரு படிவத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். அக்கா அதிலிருந்த கையெழுத்தைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

எழுதியது நான்தான். வீட்டுக்குக் குடிவந்த புதிதில் எந்த அறை எதற்கு என்று நிரப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. தொழில் செய்யும் அறை என்றால் கூடுதலாக ஒன்பது பக்கப் படிவம், அதன்பின் ஆள் வந்து பார்ப்பார்கள். அன்று சாயங்காலம் டிவியில் ஒரு மேட்ச். சாமான் அறை என்று இரண்டே சொல்லில் வேலையை முடித்தேன். அப்போது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டது கூட ஞாபகம் இருக்கிறது. அக்கா படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். அவளுக்குத்தான் நின்று படிக்கப் பொறுமை கிடையாதே.

வழியெல்லாம் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்து அவள் வீடு வந்து சேர்ந்தாள். செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்.

"ஒன்பது பக்கம் எழுதினா உன் கை என்ன தேஞ்சா போயிருக்கும்?"

"நீயும்தானே கையெழுத்துப் போட்ட?"

"வாயை மூடு."

மூடிக்கொண்டேன். ஆனால் பிரச்சினை மூடவில்லை. அந்த அறை தொழிலறை என்று சொன்னால்தான் ஆட்சேபணை நிற்கும். அப்படிச் சொன்னால், பத்தொன்பது வருஷமாக அனுமதியில்லாமல் தொழில் நடத்தியதை நாங்களே எழுதிக் கொடுத்தது மாதிரி ஆகும். முதலில் எங்கள் கதையை முடித்துவிட்டுத்தான் கம்பெனிக்காரன் கதைக்குப் போவார்கள். எனவே அறையைப் பற்றி மூச்சு விடாமல், மற்ற காரணங்களைச் சொல்லி எதிர்ப்பது என்று நான் ஒரு திட்டம் போட்டேன். செய்த தப்பைச் சரிக்கட்ட வேண்டுமே.

அந்த ஆட்சேபணைக் கடிதத்தை நான் மூன்று நாள் எழுதினேன். போக்குவரத்து நெரிசல், சாக்கடை, குடிநீர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாலையைக் கடப்பது, மரக்கிடங்குக் கூரையில் கூடு கட்டும் பறவைகள் என்று ஒன்றையும் விடவில்லை. கீழ்வீட்டு டீச்சர் சிவப்புப் பேனாவோடு மேலே வந்து அதைத் திருத்தினார். அவருக்கு எழுபத்தோரு வயது, தனியாக இருக்கிறார், வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷம் ஆகிறது. அவருடைய சமையலறைக்கும் வானம் குறைகிறது என்பதால் எங்களைவிட வேகமாக இருந்தார். வீடு வீடாகப் போய் முப்பத்தெட்டு கையெழுத்து வாங்கி வந்தவர் அவர்தான்.

"பாதிப் பேர் என்கிட்ட படிச்சவங்க. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னுட்டாங்க. அந்த நேரம் பார்த்துப் பேனாவை நீட்டிட்டேன்" என்று சிரித்தார்.

கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு அக்கா படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. தினமும் மத்தியானம் மரக்கிடங்கு வாசல் வரை போய், பூட்டு அதே பூட்டுதானா என்று பார்த்து வந்தாள். அலுவலகத்துக்கு நாளைக்கு இரண்டு தடவை போன் பண்ணினாள். மூன்றாவது நாளிலிருந்து எழுத்தர் அம்மா 'ஹலோ'வுக்குப் பதிலாக "இன்னும் இல்லம்மா" என்றே போனை எடுத்தார். வெளிச்சம் நாளைக்கே தீர்ந்துவிடும் போல இரண்டு வாரத்து வேலையை ஒரு வாரத்தில் முடித்தாள். டாக்டர்கள் பயந்துபோனார்கள். ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அக்கா எங்கேயாவது வெளியூர் போறாங்களா?" என்று கேட்டார்.

கம்பெனியின் பதில் வந்தது, இருபத்தாறு பக்கம். என் கடிதத்தில் இருந்த ஒவ்வொரு வரிக்கும் அதில் விடை இருந்தது. நெரிசலுக்கு ஓர் ஆய்வு. சாக்கடைக்குப் புதுக் குழாய். பிள்ளைகளுக்கு வேகத்தடை. பறவைகளுக்கு மாடிச் சுவரில் ஒன்பது மரப்பெட்டிக் கூடுகள்.

"பறவைக்கு வீடு கட்டித் தர்றானாம்டா. எனக்குத்தான் ஜன்னலே இல்லையாம்" என்று அக்கா தாளை வீசினாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை, செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடியும் பூட்டைப் பார்க்கப் போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு என் மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது.

விசாரணை நாள் குறித்தார்கள். ஆட்சேபணை சொல்பவருக்கு மூன்று நிமிஷம், மணி அடித்தால் உட்கார வேண்டும். தெரு சார்பில் அக்கா படிப்பது என்று முடிவானது. வீட்டில் நாலு தடவை படிக்க வைத்து ஒத்திகை பார்த்தேன். அலுவலக மாடியில் ஜன்னல் திரைகளை இழுத்து மூடி, ட்யூப் லைட் போட்ட நீள அறை. மேடையில் ஐந்து உறுப்பினர்கள், நடுவில் தலைவர். ஒரு பக்கம் கம்பெனியின் இன்ஜினியர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில். மறுபக்கம் நாங்கள், எங்கள் பின்னால் டீச்சரும் தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேரும்.

அக்கா எழுந்தாள். கடிதத்தைப் பிரித்தாள். "மரக்கிடங்கின் கூரையில் வாழும் பறவைகள்" வரை படித்தாள். அங்கே நிறுத்திவிட்டுத் தாளை மடித்தாள்.

"ஐயா, எனக்குப் பறவை பத்தி ஒண்ணும் தெரியாது. இது என் தம்பி எழுதினது" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். அக்கா பையிலிருந்து பல் பட்டையை எடுத்தாள். அதிலிருந்து இரண்டு பல்லை உருவி, மேடைக்குப் போய்த் தலைவர் முன்னால் வைத்தாள்.

"இதுல எது மஞ்சள், சொல்லுங்க."

தலைவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

அக்கா யாரையும் கேட்காமல் போய் ஜன்னல் திரையை ஒரு பக்கமாக இழுத்தாள். "இப்ப இங்க வந்து பாருங்க."

அவர் எழுந்து வந்து பார்த்தார். மற்ற உறுப்பினர்களும் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். இன்ஜினியர் கூட எட்டிப் பார்த்தார். ஒன்று வெள்ளை, ஒன்று டீ குடித்துக் குடித்துப் பழுத்த மஞ்சள்.

"இந்த வெளிச்சத்தை வச்சுத்தான் நான் பொழைக்கிறேன். நீங்க சாமான் அறைன்னு சாம்பல் பூசியிருக்கீங்களே, அது சாமான் அறை இல்ல. பத்தொன்பது வருஷமா அங்கதான் உட்கார்ந்து பல்லு செய்யறேன். அனுமதி வாங்கல. வாங்காதது எங்க தப்புதான். அதுக்கு என்ன பண்ணணுமோ பண்ணுங்க. ஆனா அந்த ஜன்னலுக்கு ஒரு நம்பர் போடுங்க."

மணி அதற்கப்புறம்தான் அடித்தது. பின்னால் டீச்சர் கை தட்டினார். நான் தட்டவில்லை. பயத்தில் எனக்குக் கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

அவள் கேட்டது நடந்தது. ஜன்னலுக்கு ஏழாம் எண் போட்டார்கள். வெளிச்சக் கணக்கைத் திரும்பப் போட்டதில், எங்கள் பக்கம் மேல் இரண்டு மாடிகளையும் பின்னால் தள்ளிக் கட்ட வேண்டும் என்று உத்தரவானது. வடக்கு வானம் முக்கால்வாசி பிழைத்தது. டீச்சர் சமையலறைக்கும் அதே பாக்கியம். அதே வாரத்தில் அதே அலுவலகத்திலிருந்து எங்களுக்கு இன்னொரு கடிதம்: குடியிருப்பில் அனுமதியின்றித் தொழில் நடப்பதாக உங்கள் வாக்குமூலத்தால் தெரிய வருகிறது, முப்பது நாளுக்குள் விண்ணப்பியுங்கள், இல்லாவிட்டால் நிறுத்துங்கள்.

அந்த ஒன்பது பக்கத்தையும் இந்த முறை நான் ஒரு வரி விடாமல் எழுதினேன். மிஷின் எத்தனை, என்ன சத்தம், என்ன தூசி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. டிவியை அணைத்துவிட்டு எழுதினேன். விண்ணப்பத்தைக் கொடுத்ததும் எழுத்தர் அம்மா, "இனி அக்கம்பக்கத்துக்குக் கடிதம் போகும். யாரும் ஆட்சேபிக்கலைன்னா அப்படியே கிடைச்சிடும். கீழ்வீட்டுலேர்ந்து வந்தாத்தான் கஷ்டம்" என்றார்.

"கீழ்வீடா! அவங்க எங்க ஆளு" என்றேன் நான்.

டீச்சர் படியேறி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு. கையில் அந்தக் கடிதம் இருந்தது. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"உங்ககிட்ட சொல்லாம எழுத மனசு வரல. அதான் வந்தேன்" என்றார்.

"என்ன டீச்சர்?" என்றாள் அக்கா.

"அந்தத் தேய்க்கிற மிஷின். மேலே இருக்கிற உங்களுக்கு அது அவ்வளவாத் தெரியாது. எனக்குக் கூரை வழியா இறங்கி நேரா பல்லுல வந்து நிக்குது. வேலைக்குப் போயிட்டிருந்த வரைக்கும் தெரியல. இந்தப் பதினோரு வருஷமா பகல் பூரா அதுதான். தலைவலிக்கு மாத்திரை போட்டுட்டுப் படுக்கறேன். அதுக்கும் இப்பல்லாம் கேக்கறதில்ல."

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க!" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"உழைச்சுச் சாப்பிடறவங்ககிட்டப் போய் என்ன சொல்றதுன்னு இருந்துட்டேன் தம்பி. அன்னிக்கு அக்கா அத்தனை பேர் முன்னால எழுந்து உள்ளதைச் சொன்னாங்க பாருங்க, அப்பதான் எனக்கும் தோணிச்சு, நாமளும் சொல்லலாமேன்னு."

எனக்கு ரத்தம் கொதித்தது. உங்கள் சமையலறைக்கு வெளிச்சம் வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்க வாயெடுத்தேன். அக்கா என் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் முகம் வாடிப்போயிருந்தது. விண்ணப்பம் கொடுத்ததிலிருந்து பன்னிரண்டு நாளாக நிம்மதியாக இருந்தவள், பாவம்.

"எழுதுங்க டீச்சர்" என்றாள் கடைசியில். "எங்களை மாதிரி ஊர்க்கதையெல்லாம் எழுதாதீங்க. எல்லாத்துக்கும் பதில் வந்துடும். உங்க தலைவலியை எழுதுங்க. எத்தனை மணிக்கு ஆரம்பிக்குது, என்ன மாத்திரை போடறீங்க, எல்லாத்தையும் எழுதுங்க. அதுதான் எடுபடும்."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் மேல கோபமா?"

"கோபம்தான். இல்லேன்னு சொன்னா பொய். ஆனா நீங்க சொல்றது பொய்யில்லையே" என்றாள் அக்கா. பிறகு என்னிடம் திரும்பி, "டேய், கடைசித் தேதி எதுன்னு டீச்சருக்கு எழுதிக் கொடு. ஆபீஸ் விலாசத்தையும் எழுது" என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். இன்னும் ஒன்பது நாள் இருந்தது. டீச்சர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனார்.

அக்கா வடக்கு அறைக்குப் போனாள். ஒரு பேருந்து நடத்துநரின் முன்பல் அன்றைக்கே முடிக்க வேண்டியிருந்தது, வெளிச்சமும் நன்றாக இருந்தது. பல்லைக் கையில் எடுத்துக்கொண்டு மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, பெடலில் கால் வைத்தாள். அழுத்தவில்லை. நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன்.

"டீச்சர் பகல்ல எத்தனை மணிக்குடா தூங்குவாங்க?" என்று கேட்டாள்.